சூசையப்பர் பூவும் புளிக்குழம்பும்

"இதுக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமா உங்களுக்கு?"

சாந்தி மேரி இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று சாயங்காலம் ஷாலினி கேட்ட முதல் கேள்வி அது. கழுத்தில் மாலை வாசம்கூடப் போகவில்லை. பதினாறு வயதுப் பெண் வாசலில் வந்து "வாங்க" என்று சொல்லவில்லை. "சித்தி" என்று கூப்பிடவும் இல்லை. கூடத்து ஜன்னலோரம் இருந்த தொட்டிகளைக் காட்டி இதை மட்டும் கேட்டாள்.

"தெரியும்" என்றாள் சாந்தி.

தெரியாது. அவள் பிறந்த வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் தெரியும், பருத்தி தெரியும், சின்ன வெங்காயம் தெரியும். இந்தப் பூவை அவள் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு இதழ், அதைக் கடலைப் பொட்டலம் மாதிரி சுருட்டி நிமிர்த்தி வைத்தது போல ஒரு பூ. உள்ளே மஞ்சளாக ஒரு குச்சி. நர்சரிக்காரர்கள் கல்லா லில்லி என்பார்களாம். வரதராஜன்பேட்டையில் இந்த வீட்டில் மட்டும் அதற்கு வேறு பெயர். சூசையப்பர் பூ.

அந்தப் பெயரை வைத்தவள் அனிதா மேரி. ஷாலினியைப் பெற்றவள். ஒருமுறை கொடைக்கானலுக்குப் போனபோது கிழங்காக வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாளாம். கோயிலில், இயேசுவை வளர்த்த சூசையப்பரின் சிலைக் கையில் இருக்கிற லீலி மலரும் இதுவும் ஒன்றில்லை என்று யாரோ சொன்னதற்கு, "அவரே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கென்ன?" என்று சிரித்தாளாம். மார்ச் மாதம் அவர் திருநாளுக்கு முதல் பூ அவர் காலடிக்குத்தான் போகும். அனிதா காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போன பிறகு, பூ மட்டும் வீட்டில் இருந்தது.

அந்தப் பூவைச் சாந்தி முதல் வருஷமே அழுக வைத்தாள்.

பாசத்தில் செய்த தப்பு. வெளியே குழாயடியில், சீத்தா மர நிழலில் இருந்த வெள்ளைப் பூச்செடிகள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்தன. உள்ளே ஜன்னலோரத் தொட்டிகளில் இருந்த மஞ்சள் பூச்செடிகளுக்கும் அப்படியே ஊற்றினாள். ஒருநாள் ஒரு தொட்டியில் தண்டைத் தொட்டதும் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. ஷாலினி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாததைச் சாந்தி இன்னும் சுமந்துகொண்டிருந்தாள்.

பிறகு கற்றுக்கொண்டாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால்தான் உள்தொட்டிக்குத் தண்ணீர். தட்டில் தேங்கினால் உடனே கொட்ட வேண்டும். காலை வெயில் படலாம், உச்சி வெயில் இலையைப் பொசுக்கிவிடும். சாண எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் யானைக் காது மாதிரி விரியும், பூ வராது. செம்மண்ணில் பாதிக்குத் தேங்காய் நார்த்தூள் கலந்தால் வேர் மூச்சு விடும். அடுத்த மார்ச்சில் உள்ளேயும் வெளியேயும் பூத்தது. விடுதியிலிருந்து வந்திருந்த ஷாலினி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சாந்திக்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் கோடையில் இலைகள் பழுத்துச் சாய்ந்தன. அது சாவு இல்லை, தூக்கம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தூங்கும் கிழங்கின் மேல் கோடை மழை ஊறினால் அழுகும். அதனால் உள்ளே இருந்தது, வெளியே இருந்தது எல்லாவற்றையும் தோண்டி எடுத்தாள். அவள் அப்பா மூங்கில் பட்டறை போட்டு விதை வெங்காயத்தைக் காற்றாட வைப்பது போல, நிழலில் உலர்த்தி, மூங்கில் கூடையில் காய்ந்த மணல் பரப்பி, மாடிப்படி அடியில் வைத்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் திரும்ப நடலாம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? கணவன் டேவிட்ராஜ் விடிந்தால் டூவீலர் ஒர்க்ஷாப், பொழுதடைந்தால் சாப்பாடு. ஷாலினி பெரம்பலூரில் நர்சிங் படித்துக்கொண்டு விடுதியில்.

நேற்று முன்தினம் ஷாலினி வந்தாள். காலியாய்க் கிடந்த தொட்டிகளைப் பார்த்தாள். குழாயடிக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே வெறும் மண். கதவைச் சாத்திக்கொண்டு தா.பழூரில் இருக்கும் தாய்மாமன் இருதயநாதனுக்குப் போன் போட்டாள்.

"அம்மாவோடதுன்னு இங்க ஒண்ணும் மிச்சமில்ல மாமா."

கதவுக்கு வெளியே காபி டம்ளரோடு நின்ற சாந்தியின் காதில் அது விழுந்தது. காபி ஆறியது.

இன்று அனிதாவின் நினைவு நாள்.

* * *

காலைப் பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போனார்கள். டேவிட்ராஜ் மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் முன்னாடி போறேன். இன்னிக்கி நான் ஆக்கறேன்" என்று சாந்தியிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

"நீங்களா?" என்றாள் சாந்தி.

"ஒரு நாளைக்கி ஆக்குனா கை தேஞ்சிடாது."

இருதயநாதன் அரசுப் பள்ளி ஆசிரியர். காலையிலேயே காரில் வந்துவிட்டார். தங்கையின் கல்லறை மேல் உதிர்ந்திருந்த வேப்பம் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். சாந்தி துடைப்பத்தோடு கிட்டே போனதும், "நீ வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். முறைப்படி பார்த்தால் தங்கையின் இடத்துக்கு வந்தவளும் தங்கச்சிதான். இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. "ஏம்மா", "இந்தாம்மா" இவ்வளவுதான்.

"பாப்பா, பையெல்லாம் கட்டிட்டியா?" என்று ஷாலினியிடம் கேட்டார்.

"காலையிலயே வண்டி டிக்கியில வெச்சிட்டேன் மாமா."

லீவு முடிந்து திங்கட்கிழமை கல்லூரிக்குப் போக வேண்டியவள், இங்கிருந்துதானே போவாள் என்று சாந்தி நினைத்திருந்தாள்.

"மதியம் சாப்புட்டுக் கெளம்பறோம்மா. இனிமே லீவு நாளெல்லாம் எங்க வூட்லயே இருக்கட்டும். புள்ளைக்கு மனசு சரியில்ல" என்றார் இருதயநாதன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது சாந்தி வேகமாகப் போய் ஷாலினியோடு சேர்ந்துகொண்டாள்.

"ஷாலினி."

"ம்."

"பூ போயிடுச்சின்னுதானே போற?"

ஷாலினி தரையைப் பார்த்தே நடந்தாள். "பூ ஜூலையில பூக்காதுன்னு எனக்கும் தெரியும். செடியக் காணோமே. காயறது வேற, புடுங்கிப் போடறது வேற."

"நான் புடுங்கிப் போடல. வூட்டுக்கு வா. ஒண்ணு காட்டறேன். பாத்துட்டு அப்பறம் போறதுன்னா போ."

முதல்முறையாக ஷாலினி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன காட்டப் போறீங்க?"

"வா, காட்டறேன்."

அதற்குப் பிறகு சாந்தியின் கால் தரையில் நிற்கவில்லை. கூடையை எப்படி நடுக்கூடத்துக்குக் கொண்டுவருவது, மணலை எப்படி ஒதுக்குவது, "இதோ பாரு, எல்லாம் தூங்குது" என்று எப்படிச் சொல்வது, எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

* * *

படியடியில் கூடை கவிழ்ந்து கிடந்தது. மணல் சிந்தியிருந்தது. ஒரு கிழங்குகூட இல்லை.

சமையலறையிலிருந்து புளி கொதிக்கிற வாசனை வந்தது.

சாந்தி ஓடினாள். டேவிட்ராஜ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கரண்டியால் குண்டானைத் துழாவிக்கொண்டிருந்தான். முகம் முழுக்க வியர்வை. அவளைப் பார்த்ததும் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவள் அவன் முகத்தில் அதிகம் பார்த்ததில்லை.

"நீ நெனப்பு வெச்சிருப்பேன்னு நான் நெனக்கவே இல்ல சாந்தி. அனிதாவுக்கு சேப்பங்கெழங்கு புளிக்கொழம்புன்னா உசுரு. நீ முன்கூட்டியே வாங்கி மணல்ல போட்டு வெச்சிருக்க. எனக்கு அழுகையே வந்துடுச்சி, தெரியுமா?"

கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்குக்குக் கொண்டுபோனான்.

"வாயில வெக்காதீங்க!"

அவள் தட்டிவிட்ட வேகத்தில் கரண்டி அடுப்புத் திண்டில் மோதிக் கீழே விழுந்தது.

"என்னடி?"

"அது சேம்பு இல்லீங்க." சாந்தி குரலை அடக்கிக்கொண்டாள். "அந்தப் பூவோட கெழங்கு. நாக்குல பட்டா நாக்கும் தொண்டையும் வீங்கிப் போயிடும். எல்லாமே இதுலதான் போட்டீங்களா?"

டேவிட்ராஜ் குண்டானைப் பார்த்தான். அப்புறம் தன் கையைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அவன் அதைச் சொறிந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். சேம்பு அரிக்கத்தானே செய்யும் என்று விட்டிருக்கிறான். கிரீஸும் பெட்ரோலும் பழகிய கை, அதுவே சிவந்து தடித்திருந்தது.

"எந்தப் பூவு?" என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "சூசையப்பர் பூவா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவ நெனப்பு நாளுக்கு அவ பூவையே அறுத்து ஆக்கி வெச்சிருக்கேனா..."

கூடத்திலிருந்து ஷாலினியின் குரல் வந்தது. "எதையோ காட்டறேன்னீங்களே?"

சாந்தி கணவனைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. மிச்சமிருப்பது இந்த மனுஷன் ஒருத்தன். அவன் மேலும் மனசு விட்டுப்போனால் அவள் இந்த வாசலை எதற்காகத் திரும்பி மிதிக்கப் போகிறாள்?

"பின்பக்கமா போயி உப்பும் புளியும் போட்டுக் கையக் கழுவுங்க. நான் வரச் சொல்ற வரைக்கும் வராதீங்க" என்றாள். "போங்கன்னா!"

குண்டானைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோழி கிளறாத இடமாகப் பார்த்து, வாழைக்கு வெட்டியிருந்த குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினாள். நிமிர்ந்தால் கொல்லை வாசலில் இருதயநாதன் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் ஷாலினி.

"ஏம்மா, ஒரு குண்டான் கொழம்ப எதுக்குக் குழியில கொட்டற?"

சாந்தி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அந்தக் கெழங்கெல்லாம் தோண்டி எடுத்துக் கூடையில வெச்சிருந்தேன் ஷாலினி. அதத்தான் காட்டறேன்னு சொன்னேன்." கண்ணைக் குழியின் பக்கம் திருப்பினாள். "காலையில அவசரத்துல சேப்பங்கெழங்குன்னு நெனச்சி... நான்தான் ஆக்கிட்டேன்."

சீத்தா மரத்தில் அணில் கத்தியது.

"நல்லாருக்கு" என்றார் இருதயநாதன். "ரொம்ப நல்லாருக்கும்மா. என் தங்கச்சி ஆசையா வளத்த பூவ அவ நெனவு நாளுக்குக் கொழம்பு வெச்சிருக்க. ஊர்ல போயி சொன்னா நம்பக்கூட மாட்டாங்க." அவர் குரல் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். "வா பாப்பா. சாப்பாடெல்லாம் வேணாம். வழியில பாத்துக்கலாம்."

ஷாலினி நகரவில்லை. சாந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலயா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"காலையில நீங்க எங்கூடத்தான் பூசைக்கி வந்தீங்க. பூசைக்கி முன்னாடி அடுப்பே பத்த வெக்கல. கடுங்காப்பிகூட டீக்கடையிலதான் வாங்கிட்டு வந்தாரு அப்பா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கவும் தெரியவில்லை.

"அவ ஆக்கல."

குளியலறைப் பக்கமிருந்து டேவிட்ராஜ் வந்தான். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான், நெருப்பில் சுட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி.

"நான்தான் தோலு சீவுனேன், நான்தான் ஆக்குனேன். அவளுக்குத் தெரியாது."

"மாப்ள, பொண்டாட்டிய வுட்டுக் குடுக்காம பேசறீங்க. எனக்குப் புரியுது."

"இந்தக் கையப் பாருங்க மச்சான்!"

இருதயநாதன் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் கொப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. டேவிட்ராஜ் மகள் பக்கம் திரும்பினான்.

"அம்மாவுக்குப் புடிச்சத ஒரு நாளாவது என் கையால ஆக்கிப் படைக்கணும்னு... உசுரோட இருக்கறப்ப ஒரு நாளும் ஆக்கிப் போட்டதில்ல பாப்பா..."

மேலே பேச முடியாமல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

ஷாலினி உள்ளே போனாள். தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு வந்து அப்பாவின் விரல்களில் தடவிவிட்டாள். ஒவ்வொரு விரலாக, படிக்கிற படிப்புக்கு ஏற்ற மாதிரி, அவசரப்படாமல். தடவிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சாந்தியைக் கேட்டாள்.

"நீங்க ஏன் நீங்கதான்னு சொன்னீங்க?"

"உங்கப்பா மேல உனக்கு ஒரு கொறையும் இல்ல. புதுசா ஒண்ணு வர வேணாம்னு பாத்தேன்." சாந்தி குழி மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தாள். "எம்மேல இருக்கறதோட இதையும் சேத்து வெச்சிக்கலாம். எனக்குப் பழக்கந்தானே."

ஷாலினியின் கை நின்றது. ஒரு நொடிதான். பிறகு மறுபடி தடவினாள்.

"எல்லாத்தையுமா போட்டீங்க அப்பா?"

"பெருசெல்லாம் போட்டுட்டேன்." டேவிட்ராஜ் மூக்கை உறிஞ்சினான். "பொடிசு கொஞ்சம் கெடந்துச்சி. சுண்டைக்காயாட்டம் இருந்துச்சி. அத எவன் ஒக்காந்து சீவறது? தோலோட சேத்து வாரிப் போட்டுட்டேன்."

சாந்தியும் ஷாலினியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"எங்க போட்டீங்க?"

இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டார்கள். இந்த வீட்டில் அப்படி இதுவரை நடந்ததில்லை.

அவன் பயந்துபோய் வேலியோரத்தைக் காட்டினான்.

பழைய தினத்தாள் விரிப்பில் தோல் குவிந்து கிடந்தது. ஷாலினி உட்கார்ந்து கையை விடப்போனாள்.

"வெறுங்கையால தொடாத!" சாந்தி ஓடிப்போய் இரண்டு கேரி பேக்கைக் கொண்டுவந்தாள். ஒன்றை ஷாலினியின் கையில் மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டாள். இன்னொன்றைத் தனக்கு மாட்டிக்கொண்டாள்.

தோலுக்கு நடுவே ஒன்று கிடைத்தது. பழுப்பாக, உருண்டையாக, தலையில் ஊசிமுனை மாதிரி வெளிர் சிவப்பில் ஒரு முளை. அப்புறம் இன்னொன்று. சேப்பங்கிழங்கு வாங்கி வந்தால் பொடிசை ஒதுக்கித் தள்ளுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்தச் சோம்பேறித்தனம் இன்று அவர்களைக் காப்பாற்றியிருந்தது.

"இது?" என்று ஒன்றை நீட்டினாள் ஷாலினி.

"அமுக்கிப் பாரு. கல்லாட்டம் இருந்தா உசுரு இருக்கு. கொழகொழன்னா வுட்டுடு."

"கல்லாட்டம் இருக்கு."

"அப்ப வெய்யி."

"இதுல ஏது வெள்ள, ஏது மஞ்ச?"

"இப்பத் தெரியாது. எல்லாம் ஒண்ணாக் கலந்து போச்சி. எல வந்தாத்தான் தெரியும். புள்ளி வுழுந்த எலன்னா மஞ்ச, பச்சையா இருந்தா வெள்ள."

"எப்பப் பூக்கும்?"

"இவ்ளோ பொடிசுன்னா அடுத்த மார்ச்சுல வராது. மொத வருசம் வெறும் எலதான். அதுக்கடுத்த வருசம் வந்தா உண்டு. அதுவும் யாராவது கிட்ட இருந்து பாத்துக்கிட்டாத்தான்."

சொன்ன பிறகுதான், கடைசியாகச் சொன்னது வேறு ஏதோ கேட்பது போல ஆகிவிட்டதே என்று சாந்திக்குத் தோன்றியது. குனிந்துகொண்டாள். ஷாலினி தோலைக் கிளறினாள்.

இருதயநாதன் சீத்தா மரத்தடியில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நேரமாவுது."

"இத நெழல்ல காய வெக்கணும் மாமா." ஷாலினி நிமிரவில்லை. "ஈரத்தோட போட்டா அழுவிடும்."

"அத அவங்க பாத்துக்குவாங்க."

"ரெண்டு பேரா பாத்தாச் சீக்கிரம் ஆவும்."

"சாப்புடுங்க மச்சான், சோறாவது வடிச்சிருக்கேன்" என்று டேவிட்ராஜ் எழுந்து வந்தான். அது இருதயநாதன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் கண் வேலியோரத்திலேயே இருந்தது. ஒரே தாளின் மேல் இரண்டு தலைகள். ஒன்று இன்னொன்றை இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில்.

சாந்தி ஓரக்கண்ணால் பார்த்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. இருதயநாதன் வீட்டுக்குள் திரும்பினார்.

இந்த வீட்டு வாசலை விட்டு அவர் "வரேன்" என்று சொல்லாமல் ஒருநாளும் இறங்கியதில்லை. தங்கை போன பிறகும், மாலை போட்ட அவள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். இன்று கூடத்தைக் கடந்து, படத்துக்கு முன்னால் நின்று, "வரேன்" சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, என் பை!" என்று ஷாலினி எழுந்தாள். கையில் கட்டிய கேரி பேக்கோடு வாசலுக்கு ஓடினாள். பின்னால் சாந்தியும் ஓடினாள். திங்கட்கிழமை போட வேண்டிய சீருடை, புத்தகம் எல்லாம் அந்த டிக்கியில்தான் இருந்தன.

"மாமா! மாமா!"

அவர் கார் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பார்த்தது சாந்திக்குத் தெரிந்தது. மறந்து எடுத்துக்கொண்டு போகிறாரா, வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போகிறாரா, அது மட்டும் தெரியவில்லை. கார் மெல்ல நகர்ந்து, ஹாரன்கூட அடிக்காமல், கோயில் முக்கில் திரும்பிப் போனது.